ஓவலில் ஒரு பந்தையும் சந்திக்காத ஸ்டட், ஊட்டியிலும் ஆறு ஆண்டு வாழ்ந்தார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஆஷஸ், அதாவது இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதுகிற கிரிக்கெட் தொடர், பிறந்த கதை வந்திருந்தது. நன்றாகவே எழுதியிருந்தார்கள், 1882இல் லண்டன் ஓவல் மைதானத்தில் நடந்த போட்டியை அந்த அளவுக்கு விவரமாகத் தமிழில் படித்து ரொம்ப நாளாயிற்று. ஆனால் அதில் ஒரு வரி எனக்குத் தொண்டையில் மாட்டிய முள் மாதிரி நின்றுவிட்டது. "ஸ்டட் என்ற ஆட்டக்காரரும் டக் அவுட் ஆக, இங்கிலாந்து 7 ரன்னில் தோற்றது" என்று போட்டிருந்தீர்கள். அது தவறு. தவறு என்பதோடு விட்டுவிடலாம் என்றால் அந்த மனிதர் அப்படி ஒரு வரியில் முடிகிறவர் இல்லை. நம் நீலகிரியில், ஊட்டியில், ஆறு ஆண்டு குடும்பத்தோடு வாழ்ந்தவர் அவர். அதனால்தான் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் 31 ஆண்டு உடற்பயிற்சி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், பையன்களுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுத்த நாட்களிலிருந்தே இவரைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்து வருகிறேன்.

முதலில் திருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். சார்லஸ் தாமஸ் ஸ்டட், சுருக்கமாக சி.டி.ஸ்டட், அந்தப் போட்டியின் முதல் இன்னிங்ஸில் ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் ஸ்போஃபோர்த்தின் பந்தில் போல்டு ஆகி 0. அது உண்மை. ஆனால் நீங்கள் எழுதிய அந்தக் கடைசி நேரத்தில், இரண்டாவது இன்னிங்ஸில், அவர் அவுட்டே ஆகவில்லை. 0 நாட் அவுட். ஒரு பந்தைக்கூட அவர் சந்திக்கவில்லை! எதிர்முனையில் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்று, அணி தோற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

அது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் அவருக்கு நடந்தது சரியில்லை என்று எனக்கு இன்றைக்கும் படுகிறது. ஆஸ்திரேலியா முதலில் 63, இங்கிலாந்து 101, பிறகு ஆஸ்திரேலியா 122. ஜெயிக்க 85 ரன் போதும். இங்கிலாந்தின் பெரிய ஆட்டக்காரர் டபிள்யூ.ஜி.கிரேஸ் அதற்கு முன்னால் ஆஸ்திரேலியாவின் சாம்மி ஜோன்ஸை ரன் அவுட் செய்த விதத்தில், அந்தப் பையன் அந்தப் பந்து முடிந்துவிட்டது என்று நினைத்து கிரீஸை விட்டு நகர்ந்து பிட்சைத் தட்டப் போனபோது பெயில்ஸைத் தட்டிவிட்டதில், ஸ்போஃபோர்த்துக்கு வந்த கோபம் உங்கள் கட்டுரையிலேயே இருக்கிறது. அந்தக் கோபத்தோடு வந்து போட்டார், போட்டி முழுக்க 90 ரன்னுக்கு 14 விக்கெட். நான் சொல்ல வருவது வரிசையைப் பற்றி. அந்த 1882 கோடையில் இங்கிலாந்தில் ஸ்டட்டை விட நல்ல ஃபார்மில் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதே ஆஸ்திரேலிய அணியை அவருடைய கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணி தோற்கடித்திருந்தது, அதில் அவர் அடித்தது 118. லார்ட்ஸில் எம்.சி.சி. (மேரில்போன் கிரிக்கெட் கிளப்) அணிக்காக ஆடி அதே பந்துவீச்சாளர்களுக்கு எதிராக இன்னொரு சதம். வயது 21. அப்படிப்பட்டவரை கேப்டன் ஹார்ன்பி 10ஆவது ஆளாக இறக்கினார். குளிர், பதற்றம், ஸ்டட் போர்வையைச் சுற்றிக்கொண்டு பெவிலியனில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார் என்று சொல்வார்கள். அவர் உள்ளே போகும்போது 8 விக்கெட் போயிருந்தது, வேண்டியது 10 ரன்.

எதிர்முனையில் நின்ற பார்ன்ஸும் உடனே போனார். கடைசி ஆள் டெட் பீட். யார்க்ஷயர்க்காரர், நல்ல பந்துவீச்சாளர், மட்டை அவ்வளவாகச் சுழலாது. ஒரு ரன் எடுத்து ஸ்டட்டிடம் கொடுத்திருந்தால் போதும். அவர் 2 ரன் அடித்துவிட்டு அடுத்ததாகக் கண்மூடித்தனமாக ஒரு வீச்சு வீசி பாய்லிடம் போல்டு ஆனார். 77 ஆல் அவுட். ஏன்யா இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, "மிஸ்டர் ஸ்டட்டை நம்ப முடியவில்லை" என்று பீட் பதில் சொன்னாராம். அந்த 'மிஸ்டர்' அன்றைய வழக்கம். காசு வாங்காமல் ஆடுகிற பெரிய வீட்டுப் பிள்ளைக்கு மிஸ்டர் போடுவார்கள், கூலிக்கு ஆடுகிற தொழில்முறை ஆட்டக்காரருக்கு வெறும் பெயர்தான். மைதானத்துக்குள் வருகிற வாசல்கூட வேறு வேறு. ஆனாலும் அந்தக் கூலி ஆட்டக்காரர் பெரிய வீட்டுப் பிள்ளையை நம்பவில்லை என்பது வரலாற்றில் அப்படியே நின்றுவிட்டது. ஒரு பந்து கூடச் சந்திக்காத மனிதரின் பெயர் தோல்வியோடு ஒட்டிக்கொண்டது. 140 ஆண்டு கழித்து நம் ஊர்ப் பத்திரிகையிலும் அது டக் அவுட் ஆகிவிட்டது.

அடுத்து வந்தது உங்களுக்கே தெரியும். ஒரு பத்திரிகை இங்கிலாந்துக் கிரிக்கெட்டுக்கு மரண அறிவிப்பு போட்டது, உடல் எரிக்கப்பட்டு சாம்பல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகப்படும் என்று. அந்தக் குளிர்காலமே ஐவோ பிளை தலைமையில் ஓர் அணி கப்பலேறிப் போனது. அதில் சி.டி.ஸ்டட்டும் உண்டு, அண்ணன் ஜார்ஜ் ஸ்டட்டும் உண்டு. மெல்போர்னுக்குப் பக்கத்தில் ரூபர்ட்ஸ்வுட் என்ற மாளிகையில் பிளையின் கையில் கொடுத்த அந்தச் சின்ன மண்குடத்தை நீங்கள் படத்தில் போட்டிருந்தீர்கள். அந்தக் குடத்தின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறதே, அதில் இருப்பது ஆறு வரிப் பாட்டு, மெல்போர்னில் 1883 பிப்ரவரியில் ஒரு பத்திரிகையில் வந்தது. அதில் பெயர் சொல்லிப் பாடப்பட்டவர்களில் ஸ்டட் சகோதரர்கள் இருவரும் உண்டு. லார்ட்ஸ் அருங்காட்சியகத்தில் இன்றைக்கும் இருக்கிற அந்தக் குடத்தின் மேலேயே பெயர் இருக்கிற ஆளைத்தான் நாம் டக் அவுட் என்று முடித்துவிட்டோம்.

சரி, இப்போது அந்த மனிதருக்கு வருகிறேன். அப்பா எட்வர்ட் ஸ்டட் நம் நாட்டில் சம்பாதித்தவர். பீகாரில் திர்ஹுத் பகுதியில் நீலச் சாயம் எடுக்கிற அவுரித் தோட்டம். அவுரி என்றால் அதை விதைத்த விவசாயிகள் பட்ட பாடு நமக்குத் தெரியும், அந்தப் பணத்தின் அடியில் அதுவும் இருக்கிறது, மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. அந்தப் பணத்தோடு இங்கிலாந்து திரும்பி, டெட்வொர்த்தில் ஒரு மாளிகை, குதிரை லாயம், பிள்ளைகளுக்கென்று தனிக் கிரிக்கெட் மைதானம். 1866இல் அவருடைய குதிரை சாலமாண்டர் கிராண்ட் நேஷனல் பந்தயத்தையே ஜெயித்தது. அப்படி வாழ்ந்தவர் 1870களில் அமெரிக்கப் பிரசங்கியார் டி.எல்.மூடியின் கூட்டத்துக்கு ஒரு நண்பர் இழுத்துக்கொண்டு போனதில் தலைகீழாக மாறிப்போனார். பந்தயக் குதிரைகளை விற்றார். மாளிகைக் கூடத்தைப் பிரசங்கக் கூடமாக்கினார். இரண்டொரு ஆண்டில் இறந்தும் போனார்.

கைனாஸ்டன், ஜார்ஜ், சார்லஸ் என்று மூன்று மகன்கள் ஈட்டன் பள்ளி அணியில் ஒன்றாக ஆடினார்கள். பிறகு மூவரும் கேம்பிரிட்ஜ். 1882இல் ஜார்ஜ் கேப்டன், 1883இல் சார்லஸ், 1884இல் கைனாஸ்டன். மூன்று அண்ணன் தம்பிகள் அடுத்தடுத்து மூன்று ஆண்டு ஒரே பல்கலைக்கழகத்துக்குக் கேப்டன், இப்படி எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கைனாஸ்டன் பின்னால் லண்டன் மாநகர மேயராகவும் எம்.சி.சி. தலைவராகவும் ஆனார், அது தனிக் கதை.

அண்ணன்மார் இருவரையும் விடத் தம்பி சார்லஸுக்குத்தான் கை அதிகம். 1882, 1883 இரண்டு பருவத்திலும் 1,000 ரன், 100 விக்கெட். இது அன்றைக்கு கிரேஸ் மாதிரி ஆட்கள் செய்கிற காரியம். மொத்தம் 99 முதல்தர ஆட்டங்களில் 4,391 ரன், 400க்கு மேல் விக்கெட். டெஸ்ட் என்று பார்த்தால் 5தான், அதில் 160 ரன், பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் என் மாணவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, இந்த எண்ணிக்கையில் பெரும்பகுதியை அவர் 24 வயதுக்குள் முடித்துவிட்டார் என்பதுதான். ஒரு ஆல்ரவுண்டருக்கு உண்மையான காலம் தொடங்குகிற வயது அது. அந்த வயதில் மட்டையை வைத்துவிட்டுப் போனார்.

காரணம் அண்ணன் ஜார்ஜுக்கு வந்த நோய். 1883 முடிகிற சமயம் ஜார்ஜ் பிழைப்பாரா என்றே தெரியாமல் கிடந்தார். இரவும் பகலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பிக்கு, இந்தப் பேரும் புகழும் சாகிற நேரத்தில் அண்ணனுக்கு எதற்கு ஆகும் என்ற கேள்வி வந்துவிட்டது. ஜார்ஜ் பிழைத்துக்கொண்டார். கேள்வி மட்டும் போகவில்லை. மூடியின் கூட்டங்களுக்குத் தான் போனதோடு, கூட ஆடியவர்களையும் கூட்டிக்கொண்டு போனார், ஆஷஸ் கேப்டன் ஐவோ பிளை உட்பட. அப்புறம் சீனாவில் மிஷனரி வேலை செய்த ஒருவரின் பேச்சைக் கேட்டார், தானும் சீனாவுக்கு ஊழியத்துக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டார். வீட்டில் அம்மா அழுது பார்த்தார். உறவினர்கள் சொல்லிப் பார்த்தார்கள். கேட்கவில்லை.

1885 பிப்ரவரி 5ஆம் தேதி ஏழு பேர் லண்டனிலிருந்து கிளம்பினார்கள். 'கேம்பிரிட்ஜ் எழுவர்' என்று இன்றைக்கும் பெயர். ஒருவர் பல்கலைக்கழகப் படகுப் போட்டியின் முன்னணி வீரர், இரண்டு பேர் ராணுவ அதிகாரிகள், ஒருவர் பிரபு வீட்டுப் பிள்ளை, ஒருவர் திருச்சபையில் ஏற்கெனவே குருவானவர், அப்புறம் நம் ஸ்டட். இன்றைக்கு நம் நாட்டு அணியில் ஆடுகிற ஓர் இளைஞர் ஐ.பி.எல். ஏலத்துக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு யாருக்கும் தெரியாத தேசத்துக்குப் போனால் எப்படி இருக்கும்? அந்தப் பரபரப்பு அன்றைக்கு இங்கிலாந்தில் இருந்தது.

ஹட்சன் டெய்லர் நடத்திய சீன உள்நாட்டு மிஷனில் சேர்ந்து, சீன உடை உடுத்தி, பின்னால் சடை வைத்து, உள்நாட்டுக்குள் போனார்கள். இதில் எனக்குப் பிடித்த ஒரு சம்பவம் உண்டு. சீன மொழி படிப்பது மகா கஷ்டம். ஸ்டட்டும் இன்னும் இரண்டு பேரும் இலக்கணப் புத்தகத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கடவுளே நேராக மொழியைத் தருவார் என்று முழங்காலில் நின்றார்கள். மொழி வரவில்லை. பெரியவர் டெய்லருக்குத் தெரிந்து அவர் கண்டித்த பிறகு மறுபடி புத்தகத்தை எடுத்து எல்லோரையும் போல எழுத்து எழுத்தாகப் படித்தார்கள். வலைப்பயிற்சி இல்லாமல் சதம் அடிக்க நினைத்த எத்தனையோ பையன்களை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் வலைப்பயிற்சியிலேயே வளர்ந்த ஸ்டட் இதை எப்படி மறந்தார் என்பது எனக்குப் புரியாத ஒன்று.

இப்போது பணத்துக்கு வருகிறேன். இதைத்தான் உங்கள் வாசகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அப்பாவின் உயிலின்படி 25 வயதானதும் அவருக்குச் சேர வேண்டிய பங்கு 29,000 பவுன். அந்தப் பிறந்தநாள் வந்தபோது அவர் சீனாவில் இருந்தார். சுங்கிங்கில் இருந்த பிரிட்டிஷ் தூதரிடம் போய், எல்லாவற்றையும் கொடுத்துவிடப் போகிறேன், பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். தூதர் மறுத்துவிட்டார். இரண்டு வாரம் யோசித்துவிட்டு வா, தம்பி, என்று அனுப்பினார். சரியாக இரண்டு வாரம் கழித்து ஸ்டட் அதே பதிலோடு போய் நின்றார். 1887 ஜனவரி 13ஆம் தேதி காசோலைகள் போயின. அமெரிக்காவில் மூடிக்கு 5,000 பவுன். இங்கிலாந்தில் அனாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லருக்கு 5,000. லண்டனின் ஏழைப் பகுதியான வைட்சாப்பலில் வேலை செய்தவருக்கு 5,000. இந்தியாவில் இரட்சணிய சேனையைத் தொடங்கிய பூத் டக்கருக்கு 5,000. இந்த டக்கர் ஐ.சி.எஸ். வேலையை உதறிவிட்டுக் காவி உடுத்தி, ஃபக்கீர் சிங் என்று பெயர் வைத்துக்கொண்டு நம் மக்களோடு வெறுங்காலில் நடந்தவர். மூடிக்குக் கொடுத்த பணத்தில் திர்ஹுத்திலேயே, அதாவது அப்பா சம்பாதித்த அதே இடத்திலேயே, ஏதாவது நல்ல வேலை தொடங்க வேண்டும் என்பது ஸ்டட்டின் ஆசை. எங்கிருந்து வந்ததோ அங்கேயே போய்ச் சேரட்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மூடியால் அதைச் செய்ய முடியவில்லை, பணம் சிகாகோவில் அவர் தொடங்கிய வேதப் பயிற்சிப் பள்ளிக்குப் போயிற்று. எனக்கு இதில் வருத்தம்தான். திர்ஹுத்துக்கு அது வந்திருக்க வேண்டும்.

இன்னும் சிலருக்கும் கொடுத்தது போக மிச்சம் கொஞ்சம் இருந்தது, 3,400 பவுன். 1888இல் அவருக்குக் கல்யாணம். பெண் பிரிசில்லா, அயர்லாந்துக்காரர், அவரும் சீனாவுக்கு ஊழியத்துக்கு வந்தவர். கல்யாணத்துக்கு முன் மிச்சப் பணத்தை அவருக்குக் கொடுத்தார் ஸ்டட். அந்தப் பெண் என்ன சொன்னார் தெரியுமா? பணக்கார வாலிபனிடம் இயேசு என்ன சொன்னார் என்று திருப்பிக் கேட்டார். 'உனக்கு உண்டானவைகளையெல்லாம் விற்று' என்றாரே, பாதியை வைத்துக்கொள் என்று சொன்னாரா? அதுவும் போயிற்று. இருவரும் கையில் ஒன்றும் இல்லாமல் குடும்பம் தொடங்கினார்கள். நான் கிறிஸ்தவன் அல்ல, இந்த வேதவசனத்தை வாதம் செய்யவும் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணை நினைத்தால் இன்றைக்கும் எழுந்து நின்று கும்பிடத் தோன்றுகிறது.

சீனாவில் அபினிக்கு அடிமையானவர்களை வீட்டில் வைத்து மீட்கிற வேலையைப் பல ஆண்டு செய்தார்கள். நான்கு பெண் குழந்தைகள் அங்கேதான் பிறந்தார்கள். உடம்பு கெட்டு 1894இல் இங்கிலாந்து திரும்பினார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் பேசினார். பிறகுதான், 1900இல், இந்தியா.

அப்பாவின் பழைய ஊரான திர்ஹுத் பக்கம் கொஞ்ச மாதம் இருந்துவிட்டு ஊட்டிக்கு வந்தார். 1906 வரை ஊட்டி யூனியன் சர்ச்சில் போதகர். தோட்டத் துரைமார், சென்னை மாகாண அரசாங்கம் கோடைக்கு மலையேறும்போது கூடவே வரும் அதிகாரிகள், ராணுவத்தினர், இவர்கள்தான் சபை. இங்கேதான் மறுபடி மட்டையைத் தொட்டார். நாற்பது வயது தாண்டிய ஆள், பதினைந்து ஆண்டு ஆடாதவர், நீலகிரிக் காற்றில் பட்டாளத்து ஆட்களோடு கிரிக்கெட் ஆடினார். ஆட்டம் முடிந்து சாயங்காலம் அவர்களையே கூட்டி உட்கார வைத்துப் பேசுவார். கிரிக்கெட் ஆடியதற்காக நான் வருத்தப்படவில்லை, அதைச் சாமியாக்கிக் கும்பிட்டதற்காகத்தான் வருத்தம், என்ற பொருளில் அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். தைரியமும் தாங்கும் சக்தியும் தனக்கு மைதானம் சொல்லித்தந்தவை என்றும் சொன்னார். ஊட்டியில் இருந்த நாட்களில் ஆஸ்துமா அவரைப் பிடித்து ஆட்டியது. இரவில் படுக்க முடியாது, நாற்காலியில் உட்கார்ந்தபடி விடியற்காலை 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில்தான் கண்ணயர்வார், மற்ற நேரமெல்லாம் மூச்சுக்குப் போராட்டம். ஊட்டிக் குளிரில் ஆஸ்துமாவோடு இரவைக் கழிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், என் தகப்பனாருக்கு அது இருந்தது. அப்படி இரவைக் கழித்த மனிதர் பகலில் மைதானத்தில் நின்றார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு விளக்கம். போதகர் என்றேனே, அவர் முறைப்படி அபிஷேகம் பெற்ற இங்கிலாந்துத் திருச்சபைக் குரு கிடையாது. கிரிக்கெட் ஆடிய குருமார் அந்தக் காலத்தில் வேறு நிறையப் பேர் உண்டு. கிரிக்கெட்டைப் பற்றி 1851இலேயே புத்தகம் எழுதிய ஜேம்ஸ் பைகிராஃப்ட் ஒரு குரு. லங்காஷயர் அணியின் வெர்னன் ராயல் 1879இல் ஆஸ்திரேலியாவில் ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார், பிறகு குருப்பட்டம். கவர் பாயிண்டில் அவர் நின்றால் ரன் ஓட ஆள் பயப்படுவார்கள், ஒரு முறை எதிரணிக்காரர் ஒருவர் ஓட அழைத்த கூட்டாளியை "அங்கே போலீஸ்காரர் நிற்கிறார்" என்று தடுத்த கதை பிரசித்தம். சாமர்செட் விக்கெட் கீப்பர் ஆர்ச்டேல் விக்ஹாம் இன்னொருவர். 1895இல் டான்டனில் மெக்லாரன் 424 அடித்தபோது ஸ்டம்புக்குப் பின்னால் குனிந்து குனிந்து நிமிர்ந்தவர் இந்தக் குருவானவர்தான், மற்ற நேரத்தில் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி சேகரிப்பார். இவர்களுக்கெல்லாம் சர்ச்சும் கிரிக்கெட்டும் ஒரே ஊரில் அடுத்தடுத்த தெருவில் இருந்தன. வாரநாளில் மைதானம், ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடை. அதிலும் ஒரு அழகு உண்டு, நான் குறை சொல்லவில்லை. ஸ்டட்டுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை, அவர் அதைத் தேடவும் இல்லை.

ஊட்டியிலிருந்து திரும்பிய பிறகுதான் அவர் வாழ்க்கையின் மிகக் கடினமான பகுதி. 1908இல் லிவர்பூலில் ஒரு சுவரொட்டியைப் பார்த்துவிட்டு ஆப்பிரிக்க ஊழியம் பற்றிய ஒரு கூட்டத்துக்குள் நுழைந்தார். ஐம்பது வயது, கையில் பணம் இல்லை, டாக்டர் போகக் கூடாது என்கிறார், பண உதவிக்கு ஒப்புக்கொண்ட குழுவும் டாக்டர் சொன்னதைக் கேட்டுப் பின்வாங்குகிறது. 1910 டிசம்பரில் தனியாகக் கப்பலேறிவிட்டார். முதலில் சூடான், பிறகு 1913இல் ஆல்ஃப்ரெட் பக்ஸ்டன் என்ற இளைஞரோடு பெல்ஜியக் காங்கோ. அங்கே நியாங்கரா, நாலா, இபாம்பி என்று ஊர் ஊராக வேலை. இடையில் இங்கிலாந்து வந்துவிட்டு 1916இல் மறுபடி காங்கோவுக்குக் கிளம்பியவர் அப்புறம் திரும்பவே இல்லை.

இதில்தான் எனக்கு அவரோடு சண்டை. பிரிசில்லா இதயநோயாளி. இங்கிலாந்தில் இருந்துகொண்டு காங்கோ வேலைக்காக ஸ்டட் உண்டாக்கிய மிஷனின் அலுவலகத்தையே தூக்கி நிறுத்தியது அந்த அம்மாதான். 1916க்குப் பிறகு கணவனும் மனைவியும் பார்த்துக்கொண்டது ஒரே முறை, 1928இல் பிரிசில்லா காங்கோவுக்குப் போய் இரண்டு வாரம் இருந்தார். அடுத்த ஆண்டு ஸ்பெயினில் இறந்துபோனார். எந்த நோக்கத்துக்காக என்றாலும் இது ஒரு பெண்ணிடம் கேட்கக் கூடாத விலை என்று நான் நினைக்கிறேன், அவர் மனமுவந்து கொடுத்தார் என்பதும் உண்மை. அதோடு கடைசிக் காலத்தில் ஸ்டட் கூட இருந்தவர்களிடம் கடுமையாக நடந்துகொண்டார். ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் தான் வேலை செய்தால் எல்லோரும் செய்ய வேண்டும் என்றார், முடியாதவர்களைத் திருப்பி அனுப்பினார், நோவைத் தாங்க மார்ஃபின் எடுத்துக்கொண்டார், அவர் எழுதிய ஒரு துண்டுப் பிரசுரத்தின் வார்த்தைகள் ஆதரவாளர்களையே அதிர வைத்தன, கடைசியில் அவர் உண்டாக்கிய மிஷனின் குழுவே அவரை விலக்குகிற அளவுக்குப் போயிற்று. 1931 ஜூலை 16ஆம் தேதி இபாம்பியில் இறந்தார். வயது 70.

ஆசிரியர் அவர்களே, இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், கிரிக்கெட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் ஸ்டட்டை 1882 ஆகஸ்ட் 29ஆம் தேதியோடு நிறுத்திவிடுகிறார்கள். சபைக்காரர்கள் வெளியிடுகிற சின்னப் புத்தகங்களில் அவர் 1885இல்தான் பிறக்கிறார், கிரிக்கெட் அவர் விட்டெறிந்த ஒரு சாமானாக மட்டும் வருகிறது, கடைசி ஆண்டுகளின் கசப்பு ஒரு வரிகூட வருவதில்லை. இரண்டு பேருமே ஊட்டியைத் தாண்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு இவர் முழு ஆளாக வேண்டும். பந்தே வராத முனையில் நின்ற அந்த 21 வயதுப் பையனும், தூதர் முன்னால் இரண்டாம் முறை போய் நின்ற அந்த 25 வயது வாலிபனும், ஊட்டிக் குளிரில் மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த போதகரும், மனைவியை இரண்டே வாரத்தில் அனுப்பிவைத்த அந்தக் கிழவரும் ஒரே மனிதர்தான்.

உங்களிடம் கேட்பது இரண்டு. ஒன்று, வருகிற ஞாயிறு இதழில் அந்த வரியைத் திருத்திப் போடுங்கள்: 1882 ஓவல், இரண்டாவது இன்னிங்ஸ், சி.டி.ஸ்டட், 0 நாட் அவுட், சந்தித்த பந்து எதுவும் இல்லை. இரண்டாவது, உங்கள் பத்திரிகை கோத்தகிரி, குன்னூர், கூடலூர் வரை வீடு வீடாகப் போகிறது. 1900 முதல் 1906 வரை ஊட்டியில் நடந்த கிரிக்கெட் ஆட்டங்களின் படமோ, ஸ்கோர் எழுதின நோட்டோ, யூனியன் சர்ச் பற்றிய பழைய காகிதமோ யாருடைய வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால் உங்கள் நீலகிரி அலுவலகத்துக்குத் தெரிவிக்கும்படி ஒரு சின்ன அறிவிப்புக் கொடுங்கள். தேயிலைத் தோட்டங்களில் எழுத்தர் வேலை பார்த்த குடும்பங்கள் இப்படிப்பட்டவற்றை எறியாமல் வைத்திருப்பார்கள், நானே அப்படி இரண்டு மூன்று வீட்டில் பழைய கால்பந்துப் படங்களைப் பார்த்திருக்கிறேன். வருகிறவற்றை வகைபிரித்து எழுதித் தர நான் தயார், அதற்கு எனக்கு எதுவும் தர வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர்,
நீலகிரி மாவட்டம்